பெரிய மருமகள் சாக வேண்டும்

பிப்ரவரி 6, செவ்வாய்

இன்று நான்கு முறை அழுதேன். மாமியார் அறைந்ததற்கு ஒரு முறை, சமையலறையில் தனியாக ஒரு முறை, சாப்பாட்டு இடைவேளைக்குப் பிறகு கணவர் தோளில் சாய்ந்து ஒரு முறை. நான்காவது எதற்கு என்று சத்தியமாக நினைவில்லை. வானொலி படித்தார், அழுதேன்.

வானொலி என்பது எங்கள் சீரியலில் வசனம் படித்துக் கொடுப்பவர். கேமராவுக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து ஒரு வரி படிப்பார், நாங்கள் அதைத் திருப்பிச் சொல்வோம். அடுத்த வரி படிப்பார், சொல்வோம். "ஐயோ என் வாழ்க்கையே போச்சே" என்பதையும் "காபி ஆறிப்போச்சு" என்பதையும் ஒரே தொனியில், வானிலை அறிக்கை மாதிரி படிப்பார். அதனால் அந்தப் பெயர். ஒரு நாளைக்குப் பதினெட்டுப் பக்கம் எடுத்தாக வேண்டும். யார் உட்கார்ந்து மனப்பாடம் செய்வது? நான் வசனத் தாளைக் கையால் தொட்டே ஆறு வருஷமாகிறது.

அவர் குரலும் எங்கள் குரலும் ஒலிப்பதிவில் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கும். யாருக்கும் கவலையில்லை. அதையெல்லாம் அழித்துவிட்டு, டப்பிங் அக்கா வந்து எனக்காகப் பேசுவார். என் குரல் கரகரப்பாம். மருமகள் குரல் அப்படி இருக்கக் கூடாதாம். இருபத்திரண்டு வயதில் நடித்த இரண்டு சினிமாவிலும் எனக்காக வேறு யாரோதான் பேசினார்கள். இப்போது முப்பத்தொன்பது. இத்தனை வருஷத்தில் திரையில் கேட்ட ஒரு இருமல்கூட என்னுடையதில்லை.

போன வாரம் மருந்துக் கடையில் ஒரு பெண்மணி ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க அந்தப் பெரிய மருமகள்தானே?" "ஆமாங்க" என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. "ஜலதோஷமா?" என்று கேட்டார்.

பிப்ரவரி 9

ஷூட்டிங் இல்லாத நாள். ஒரு பெண் இயக்குநர் வீடு தேடி வந்தாள். முப்பது வயதுகூட இருக்காது, முதல் படம். நான் நடித்த எதையும் பாராட்டவில்லை. சீரியல் பார்த்ததே இல்லையாம்.

"உங்கள பாஸ்போர்ட் ஆபீஸ்ல பாத்தேன். வரிசையில பின்னாடி நின்னவரை முன்னாடி விட்டுட்டாங்கன்னு சண்டை போட்டீங்க."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அன்று நான் பேசியது எதுவும் நாலு பேர் கேட்கிற மாதிரி இல்லை.

"அந்தக் குரல்தான் வேணும்" என்றாள்.

ரயில் நிலையத்தில், தொலைந்துபோன பொருள்களை வாங்கி வைக்கிற அலுவலகம். அங்கே இருபது வருஷமாக உட்கார்ந்திருக்கும் ஒருத்தி. படம் முழுக்க அவள்தான். டப்பிங் கிடையாது. நடிக்கும்போதே குரலையும் பதிவு செய்துவிடுவார்களாம். மே 6 தொடங்கி இருபத்தைந்து நாள், ஒரே மூச்சில்.

"என் குரலேவா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் கேட்டேன்.

"வேற யாரோட குரல்?" என்றாள் அவள், எனக்குத்தான் ஏதோ புரியவில்லை என்பது போல.

அவள் விட்டுப்போன கதைத் தாள்களைச் சமையலறையில் நின்றபடியே படித்து முடித்தேன். பால் பொங்கி அடுப்பு அணைந்திருக்கிறது. அம்மா வந்து கத்தின பிறகுதான் பார்த்தேன்.

பிப்ரவரி 10

சரி என்று சொல்லிவிட்டேன். அண்ணனிடம் இன்னும் சொல்லவில்லை.

பிப்ரவரி 13

சொன்னேன். அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "முடியாதும்மா" என்றான். "ஜனவரியிலயே கையெழுத்துப் போட்டாச்சு."

யார் கையெழுத்து? அவன் கையெழுத்து. எனக்காகப் போட்டது. என் திருமணம் முறிந்த வருஷம், எந்தத் தாளையும் பார்க்கப் பிடிக்காமல் அறைக்குள்ளேயே கிடந்தபோது, எல்லா ஒப்பந்தத்திலும் அவனே கையெழுத்திடலாம் என்று நான்தான் எழுதிக் கொடுத்தேன். எட்டு வருஷமாக என் தேதிகள் முழுக்க அவன் டைரியில் இருக்கின்றன.

ஒப்பந்தத்தைக் கேட்டு வாங்கிப் படித்தேன். பெரிய மருமகள் கதையில் உயிரோடு இருக்கும் வரை, கூப்பிட்ட நாளெல்லாம் வர வேண்டும். அதுவரை வேறு எங்கும் நடிக்கக் கூடாது. மீறினால் நடிகர் சங்கத்தில் புகார். புகார் போனால் யார் படத்திலும் நடிக்க முடியாது, அந்தப் பெண்ணின் படம் உட்பட.

உயிரோடு இருக்கும் வரை. மூன்று தடவை படித்தேன். சீரியல் முடியும் வரை என்று இல்லை, இத்தனை வருஷம் என்றும் இல்லை.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?" என்றேன்.

"எல்லாத்துக்கும் நீ சரின்னுதானே சொல்லுவ" என்றான். அது உண்மைதான்.

பிப்ரவரி 21

மதியம் உடம்பு சரியில்லை என்று பொய் சொல்லிவிட்டு ஒத்திகைக்குப் போனேன். இயக்குநரின் வாடகை அறை, நான்கு நாற்காலி, ஒரு மேஜை. இரண்டு பக்கக் காட்சி. முதல் வரி சொன்னேன். நின்றுவிட்டேன்.

"ஏன் நிறுத்தினீங்க?"

மறுபடி ஆரம்பித்தேன். முதல் வரி. நின்றுவிட்டேன். என் தலை தானாக அவள் தோளுக்கு மேல், சுவரில் ஒரு இடத்தைப் பார்க்கிறது. அங்கே முக்காலி இருக்க வேண்டும். முக்காலியில் வானொலி இருக்க வேண்டும். அடுத்த வரியை யாராவது படித்தால்தான் என் வாய் திறக்கும் என்கிறது.

இரண்டே பக்கம்! பள்ளிக்கூடத்தில் பத்துப் பக்கப் பாடத்தை மூச்சு விடாமல் ஒப்பித்தவள் நான்.

"பரவாயில்ல, நேரம் இருக்கு" என்றாள் அந்தப் பெண். திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். திரும்பி வரும்போது காரை ஓரமாக நிறுத்தி அழுதேன். இன்றைய கணக்கில் ஐந்தாவது. இது மட்டும் யாரும் படித்துக் கொடுக்காமல் வந்தது.

பிப்ரவரி 24

டப்பிங் அக்காவைப் பார்க்கப் போனேன். ஆறு வருஷத்தில் மூன்று முறைதான் சந்தித்திருக்கிறோம். ஐம்பத்தைந்து வயது இருக்கும். கறுப்புத் துணி ஒட்டிய சின்ன அறையில் நின்றுகொண்டு நாள் முழுக்க அடுத்தவர்களுக்காக அழுகிறவர். எல்லாவற்றையும் கொட்டினேன்.

அவருக்கு ஆச்சரியமே இல்லை. "உனக்கு ஒவ்வொரு வரிக்கும் முன்னாடி அரை நொடி வாய் சும்மா நிக்கும். வானொலி படிக்கிறதைக் கேக்கறே. அந்த ஓட்டை தெரியக் கூடாதுன்னு நான் அங்க ஒரு பெருமூச்சு விடுவேன். ஆறு வருஷமா உனக்காக மூச்சு விட்டு எனக்கு நெஞ்சே வலிக்குது போ."

பத்திரிகையில் ஒருவர் எழுதியிருந்தார். பேசுவதற்கு முன் அந்தப் பெருமூச்சு, அதுதான் இந்த நடிகையின் தனி முத்திரை என்று. அதை வெட்டி வைத்திருந்தேன். அக்காவிடம் சொல்லவில்லை.

பிப்ரவரி 27

தயாரிப்பாளரிடம் நேராகவே கேட்டுவிட்டேன். மே மாதம் இருபத்தைந்து நாள் வேண்டும், ஒரு படம். கோபிப்பார் என்று பயந்தேன். சிரித்தார். "ஆறு வருஷத்துல ஒரு நாள் லீவு கேட்டவளில்ல நீ. கவலப்படாதே, கதையிலயே வழி பண்றேன்."

கால் தரையில் படவில்லை.

மார்ச் 4

வழி பண்ணிவிட்டார். பெரிய மருமகள் போன கார் உருண்டுவிட்டது. ரப்பரில் செய்த கண்ணாடித் துண்டுகளை என் மேல் தூவினார்கள், நெற்றியில் சிவப்புச் சாயம். தலைக்குக் கட்டு, மூக்கில் குழாய். கோமா.

நானும் மடச்சி மாதிரி நன்றி சொன்னேன். "அப்போ மே மாசம் நான் வர வேண்டியதில்லைதானே சார்?"

"வரணுமே. தினம் ஒருத்தர் வந்து உன் கையைப் பிடிச்சுட்டு அழுவாங்க, கை இல்லாம எப்படி? உனக்கென்ன, வசனம் கிடையாது, மேக்கப்பும் அரைமணிதான். ஓய்வுதானே கேட்டே? படுத்துக்கோ."

ஓய்வு கேட்டேனாம். எனக்கு வந்த சிரிப்பை மூக்குக் குழாய் மறைத்துவிட்டது.

மார்ச் 5

படுத்திருந்தேன்.

மார்ச் 6

படுத்திருந்தேன். மூக்கில் ஈ உட்கார்ந்தது. மாமியாராக நடிப்பவர் அழுதுகொண்டே அதை விரட்டினார். தங்கமான மனுஷி.

மார்ச் 9

கதாசிரியரைப் பிடித்தேன். ஏணிப்படிக்குக் கீழே, அவர் தனியாகக் காபி குடிக்கும் இடம்.

"சார், என்னைக் கொன்னுடுங்க."

காபி அவர் சட்டையில் சிந்தியது. "என்னம்மா பேசறே?"

"ஏப்ரல் முடியறதுக்குள்ள. எப்படி வேணா கொல்லுங்க. டாக்டர் தப்பு பண்ணட்டும், கரண்ட் போகட்டும், சின்ன மருமகள் வந்து குழாயைப் புடுங்கட்டும்."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் நிஜமான வருத்தம் இருந்தது. இந்த ஏணிப்படிக்குக் கீழே எத்தனையோ பேர் வந்து உயிர்ப்பிச்சை கேட்டிருக்கிறார்களாம். இன்னும் இருபது எபிசோடு உயிரோடு வையுங்கள் சார் என்று கெஞ்சுவார்களாம். சாக வேண்டும் என்று வந்தவள் நான்தான் முதல் ஆள்.

"உன்னைக் கொல்ல எனக்கு மனசு வராதும்மா" என்றார். "இந்தக் கோமா என் வாழ்க்கையிலயே நான் எழுதின நல்ல விஷயம்."

மார்ச் 16

ஒரு யோசனை பிறந்தது. ஏன் இவ்வளவு நாள் தோன்றவில்லை?

நாள் முழுக்கக் கண்ணை மூடிப் படுத்துத்தானே கிடக்கிறேன். வேலைக்குப் போகும் வழியில் படத்தின் வசனத்தை ஒரு பக்கம் படித்துவிட வேண்டியது. கட்டிலில் ஏறியதும் மனதுக்குள் ஓட்ட வேண்டியது. கணவர் அழட்டும், மாமியார் அழட்டும், வானொலி பக்கத்தில் அவர்களுக்கு வரி படித்துக் கொடுக்கட்டும். நான் தொலைந்த பொருள் அலுவலகத்தில் இருப்பேன்.

இன்று மூன்று பக்கம். நிற்காமல். கட்டு போட்ட தலைக்குள்ளே ஒரு அறை கிடைத்துவிட்ட மாதிரி இருக்கிறது, கதவை நான் மட்டும் திறக்கிற அறை. சாயங்காலம் கட்டிலை விட்டு இறங்கவே மனமில்லை. ஒளிப்பதிவாளர் "எழுந்திரும்மா, பேக்கப் ஆயிடுச்சு" என்று தோளைத் தட்டினார்.

மார்ச் 20

பதினோரு பக்கம். ஒத்திகையில் ஒப்பித்தேன். சுவரைப் பார்க்கவில்லை. இயக்குநர் எழுந்து போய் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

வீட்டில் அம்மா சீரியல் பார்த்து மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்தேன். "இந்தப் பொண்ணு பொழச்சுக்குமா?" என்று என்னையே கேட்டாள். "பொழைக்காம இருந்தா நல்லதும்மா" என்றேன். முதுகில் ஒன்று வைத்தாள்.

மார்ச் 27

எப்படி எழுதுவது. நேற்று ஒளிபரப்பான எபிசோடில், கணவர் என் கையைப் பிடித்துக்கொண்டு புலம்பும் காட்சியில், என் உதடு அசைந்திருக்கிறது. கொஞ்சநஞ்சமில்லை, ஒரு வரி முழுக்க. படம் பிடித்தவர்களும் பார்க்கவில்லை, வெட்டி ஒட்டியவரும் பார்க்கவில்லை. வீட்டில் உட்கார்ந்து பார்க்கிற ஆயிரக்கணக்கான பேர் பார்த்துவிட்டார்கள். "பேசறா! பேசறா! கோமாவுல ஏதோ சொல்றா!" இணையத்தில் அந்தப் பத்து நொடியைத் திரும்பத் திரும்பப் போடுகிறார்களாம்.

நான் சத்தமில்லாமல்தான் சொன்னேன். மனதுக்குள் என்றுதான் நினைத்தேன். ஆறு வருஷம் வரி வந்ததும் அசைந்து பழகிய வாய், இதையும் சும்மா விடவில்லை.

திட்டு விழும் என்று ஒடுங்கிப் போனேன். சீரியல் இயக்குநர் ஓடி வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "என்ன நடிப்பும்மா! யாருமே சொல்லித் தராம! கணவன் பேசறது அவளுக்குக் கேக்குதுன்னு ஒரு உதட்டசைவுல காட்டிட்டியே!"

ஆமாம் சார் என்றேன். வேறு என்ன சொல்வது.

ஏப்ரல் 1

சீரியல் முதலிடத்துக்குப் போய்விட்டது. தயாரிப்பாளர் எல்லோருக்கும் இனிப்பு கொடுத்தார். என் வாயில் அவரே ஊட்டினார், மூக்குக் குழாயை ஒதுக்கிவிட்டு. கோமா செப்டம்பர் வரைக்கும் நீட்டிக்கப்பட்டிருக்கிறது.

முட்டாள்கள் தினம் என்பதால் விளையாட்டாகச் சொல்கிறார்களோ என்று ஒரு நிமிஷம் நம்பினேன்.

இயக்குநர் பெண் போனில் மென்று முழுங்கினாள். "அக்கா, இருபதாம் தேதிக்குள்ள தெரியணும். ரயில் நிலையத்துல அனுமதி மே மாசம் மட்டும்தான். வேற ஒருத்தங்களையும் பாத்து வச்சிருக்கேன். அவங்களுக்கு உங்க குரல் இல்ல. ஆனா அவங்க வர முடியும்."

தப்பிக்கப் படித்த பாடம்தான் என்னைக் கட்டிலோடு சேர்த்துக் கட்டிவிட்டது. நானேதான் முடிச்சுப் போட்டேன். யாரைத் திட்டுவது?

ஏப்ரல் 3

அண்ணனோடு பெரிய சண்டை. தயாரிப்பாளரிடம் பேசி என்னை விடுவிக்கச் சொல் என்றேன். உட்கார் என்றான். உட்காரமாட்டேன் என்றேன். இவ்வளவு நாள் உட்கார்ந்து, இப்போது படுத்தும் ஆகிவிட்டது என்றேன். அம்மா தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினாள்.

"நீயும் ஒரு தடவை சினிமாவுக்குப் போன. ரெண்டு படம். ரெண்டும் ஒரு வாரம் ஓடல. அப்போ நீ எப்படிக் கெடந்தேன்னு உனக்கு ஞாபகமில்ல, எனக்கு இருக்கு. நாலு மாசம் ஜன்னலைக்கூடத் திறக்கல நீ. சோறு ஊட்டினது யாரு? திரும்பவும் அப்படி உன்னைப் பாக்க என்னால முடியாது. சீரியல்ல இருந்தா உனக்கு ஒண்ணும் ஆகாது. அதான் போட்டேன் கையெழுத்து."

எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. அவன் கண் கலங்கியிருந்தது. கெட்டவனாக இருந்து தொலைத்திருக்கக் கூடாதா இவன்?

ஒண்ணும் ஆகாதாம். அண்ணே, எனக்கு ஒண்ணுமே ஆகலன்னுதாண்டா நான் சாகறேன். ஆறு வருஷமா ஒண்ணும் ஆகல. என் மூச்சுகூட என்னுது இல்ல. யாரோ படிக்கிறாங்க, யாரோ பேசறாங்க, யாரோ கையெழுத்து போடறாங்க. நான் எங்கடா இருக்கேன்? — இதை அவனிடம் சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன். அங்கே வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை.

ஏப்ரல் 6

காலையில் டப்பிங் அக்கா போன் செய்தார். அந்த உதட்டசைவை முகத்துக்கு நெருக்கமாகப் பெரிதாக்கி, திங்கட்கிழமை எபிசோடில் குரலோடு போடப் போகிறார்களாம். அக்காவைக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

"என்ன வார்த்தை போடறதுன்னு அவங்களுக்கே தெரியல. கதாசிரியர் எங்கயோ கல்யாணத்துக்குப் போயிட்டாராம். 'என்னங்க'ன்னு போட்டுடுங்கன்னு சொல்றாங்க. அது எப்படிப் பத்தும், உன் வாய் அத்தனை நேரம் அசையுது." குரலைத் தாழ்த்தினார். "அது சீரியல் வசனமில்ல. எனக்குத் தெரியும். உன் வாயை உன்னைவிட எனக்குத்தான் அதிகம் தெரியும். அந்தப் படத்துல வர்ற வரிதானே?"

ஆமாம்க்கா என்றேன். தேதி ஒத்துவரவில்லை என்றும், இருபதாம் தேதியோடு எல்லாம் போச்சு என்றும் சொன்னேன். பெரிய மருமகள் செத்தால்தான் நான் வெளியே வர முடியும் என்றும் சொன்னேன். அழக் கூடாது என்று இருந்தேன். முடியவில்லை.

அவர் ஒன்றும் ஆறுதல் சொல்லவில்லை. "சரி, திங்கக்கிழம பாரு" என்று வைத்துவிட்டார்.

ஏப்ரல் 8

பார்த்தேன்.

திரை முழுக்க என் முகம். மூடிய கண். உதடு பிரிகிறது. முதலில் அக்காவின் பெருமூச்சு. அப்புறம் என் வாய் அசைவுக்கு இம்மியும் பிசகாமல், உடைந்த குரலில்:

"போதும்... என்னை விட்டுடுங்க... நான் போறேன்..."

அம்மா தன்னை மறந்து எழுந்து நின்றுவிட்டாள். அக்காவுக்கு உடனே போன் செய்தேன்.

"ஒளிபரப்புக்கு ஒரு மணி நேரம் இருக்கச்சே வேணும்னே லேட்டாப் போனேன்" என்றார். "வாய்க்கு இதுதான் பொருந்துதுன்னேன். மாத்த நேரமில்ல. அப்படியே அனுப்பிட்டாங்க."

"அக்கா, நான் செத்துட்டா உங்க வேலை?"

"போடி. இன்னும் மூணு மருமகளுக்கும் ஒரு வில்லிக்கும் அழுதுட்டுதான் இருக்கேன். வில்லிக்குச் சிரிக்க வேற செய்யணும்."

ஏப்ரல் 9

தயாரிப்பாளர் என்னிடம் பேசவில்லை. படுத்திருந்தேன்.

ஏப்ரல் 12

ஊரே கொந்தளிக்கிறது. போங்களேன், நானே எதிர்பார்க்கவில்லை. "அந்தப் பொண்ணை நிம்மதியா போக விடுங்க" என்று தொலைக்காட்சி நிலையத்துக்குக் கடிதமும் போனும் குவிகிறதாம். என் சீரியல் கணவர் பல் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார். நர்ஸ் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டிருக்கிறாள். "அவங்கதான் போறேன்னு கெஞ்சறாங்களே, இன்னும் ஏன் சார் புடிச்சு வச்சிருக்கீங்க?" வாயைத் திறந்தபடி இவர் என்ன பதில் சொல்வது? இன்று செட்டுக்கு வந்ததும் எல்லோர் முன்னிலும் கத்தினார். "ஒண்ணு அவளை எழுப்புங்க, இல்ல கொல்லுங்க. நான் வெளியில தலை காட்ட முடியல!"

நான் கண்ணைத் திறக்காமல் படுத்திருந்தேன். சிரிப்பை அடக்க நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

ஏப்ரல் 16

தொலைக்காட்சி நிலையத்தில் கூட்டம். எழுப்பலாம் என்றார் தயாரிப்பாளர். எழுப்பினால் ஜனங்கள் ஏமாற்றம் அடைவார்கள், அவளே போகிறேன் என்று சொல்லிவிட்டாளே என்றார்களாம் அவர்கள். இரண்டு மணி நேரச் சிறப்பு எபிசோடாகப் போக விட்டால் நாடே உட்கார்ந்து பார்க்கும் என்றார்களாம். முடிவு இன்னும் வரவில்லை. நான்கு நாள்தான் இருக்கிறது. சாப்பாடு இறங்கவில்லை.

அண்ணன் அறை வாசலில் வந்து நின்றான். "இது உன் வேலையா?"

"நான் கோமாவுல இருந்தேன்ணே."

அவன் சிரிக்கவில்லை. ஆனால் உடனே போகவும் இல்லை.

ஏப்ரல் 19

சாகிறேன். இருபத்தாறாம் தேதி, வெள்ளிக்கிழமை படப்பிடிப்பு. இயக்குநருக்குச் சொன்னேன். போனில் அவள் போட்ட கூச்சலில் காது அடைத்துவிட்டது.

ஏப்ரல் 26

நான் சாவதற்கு முன் நினைவு திரும்பும் காட்சி ஒன்றைக் கதாசிரியர் வைத்திருந்தார். ஒன்றரைப் பக்கம், ஒரே மூச்சில். "உனக்காகத்தான்" என்று தாளைக் கையில் கொடுத்தபோது பெற்ற பெண்ணை அனுப்பி வைப்பவர் மாதிரி நின்றார். பாவமாக இருந்தது.

வானொலி முக்காலியில் உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். முதல் வரிக்கு வாயைத் திறந்தார். நான் கையை உயர்த்தினேன்.

"வேண்டாம் சார். எனக்குத் தெரியும்."

பேசினேன். ஒன்றரைப் பக்கமும், நடுவில் எங்கும் நிற்காமல். என் கரகரப்புக் குரலில், அழிக்கப்படப்போகிற குரலில். முடித்ததும் யாரும் 'கட்' சொல்லவில்லை. கொஞ்ச நேரம் செத்தே கிடந்தேன். கண்ணைத் திறந்தால், வானொலி தாளை மடியில் கவிழ்த்து வைத்திருக்கிறார். "ஆறு வருஷத்துல இன்னிக்குத்தாம்மா உன் குரலைக் கேட்டேன்" என்றார். "நான் படிச்சுட்டே இருந்ததுல கேக்கவே இல்ல."

மாமியாராக நடிப்பவர் மூக்குக் குழாயை அவரே மெதுவாக எடுத்துவிட்டார்.

ஏப்ரல் 29

டப்பிங் முடித்துவிட்டு அக்கா போன் செய்தார். பெருமூச்சு விட எங்கேயும் இடமே இல்லையாம். "என்னை வேலை வாங்கிட்டடி கடைசியில" என்றார்.

மே 5

அண்ணன் இரண்டு வாரமாக என்னோடு சரியாகப் பேசவில்லை. இன்று தேதி டைரியைக் கொண்டுவந்து மேஜை மேல் வைத்தான். மே மாதத்திலிருந்து எல்லாப் பக்கமும் வெள்ளை. "இனிமே நீயே எழுதிக்கோ." கோபத்தில் சொன்னானா, மனசார சொன்னானா, தெரியவில்லை. நான் கேட்கவுமில்லை. நாளை படம் ஓடாமல் போனால், ஜன்னலைத் திறக்க முடியாமல் போனால், அவன் சோறு எடுத்து வருவானா என்று ஒரு பயம் இருக்கிறது. வருவான். வருவான் என்றுதான் நினைக்கிறேன்.

மே 6

ரயில் நிலையம். நிஜமான அலுவலகத்தையே கொடுத்துவிட்டார்கள். தூசி வாடை, மரப் பலகைகள், யார் யாரோ விட்டுப்போன பெட்டிகள். மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்தேன். முதல் ஷாட், ஒரு பெரியவர் குடையைத் தேடி வருகிறார்.

"கறுப்புக் குடை மட்டும் எங்கிட்ட நாப்பத்தியொண்ணு இருக்கு. இதுல உங்களுது எதுன்னு நான் எப்படிக் கண்டுபிடிக்கறது? மடக்கற எடத்துல ஏதாவது அடையாளம் இருக்கா?"

சொல்லி முடித்தேன். இயக்குநர் என்னைப் பார்க்கவில்லை. மூலையில் காதில் கருவி மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒலிப்பதிவாளரைப் பார்த்தாள். அவர் தலையை இல்லை என்று ஆட்டினார்.

தெரியும். எனக்குத் தெரியும். இந்தக் குரல் வேண்டாம், யாரையாவது வைத்துப் பேசவைத்துக்கொள்ளலாம் என்று சொல்லப்போகிறார்.

எழுந்து என்னிடமே வந்தார். "மன்னிக்கணும்மா. பின்னாடி ரயில் கூவிடுச்சு, உங்க குரல் மேல விழுந்துடுச்சு. இன்னொரு தடவை பேசறீங்களா?"

நான் புரியாமல் அவரையே பார்த்திருக்கிறேன் போல. "உங்க குரல் சுத்தமா வேணும்மா" என்றார் மறுபடியும், பொறுமையாக.

பேசினேன். யாரோ தும்மினார்கள். பேசினேன். வெளியே எங்கேயோ சுத்தியல் சத்தம். அதை நிறுத்தச் சொல்ல ஒருவர் ஓடினார். மின்விசிறியை அணைத்தார்கள், வேர்த்துக் கொட்டியது. அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள், நான் பேசி முடிக்கும் வரை. எட்டாவது தடவைக்குப் பிறகு இயக்குநர் வந்து கையைப் பிடித்துக்கொண்டு, "சாரிக்கா, முதல் நாளே உங்கள இப்படிப் படுத்தறோம்" என்றாள்.

"எத்தனை தடவை வேணா பேசறேன்" என்றேன்.

பதினோராவது தடவை சரியாக விழுந்தது. தொண்டை கட்டிவிட்டது. வெந்நீர் குடித்துக்கொண்டே இதை எழுதுகிறேன்.